புலியைக் காணக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

கபினிக்குச் சென்றுவிட்டுத் திங்கட்கிழமை அலுவலகம் திரும்புபவரிடம் பெங்களூரில் கேட்கப்படும் முதற்கேள்வி ஒன்றுதான்: "புலி பார்த்தீர்களா?" பார்த்தவர் உடனே கைப்பேசியை எடுத்து நீட்டுகிறார். பார்க்காதவர், கடன் தவணை தவறியவரைப்போல் சற்றே குரல் தாழ்த்தி, "யானைகள் நிறைய வந்தன" என்கிறார். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவர் செலுத்திய பணம் எவர் கையில் போய்ச் சேர்ந்தது என்பதே அந்தக் கேள்வி.

அது என் மனத்தில் எழக் காரணமானவர் ஒரு நண்பர். பணி ஓய்வு பெற்றபின் துணைவியாருடன் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்குச் சென்று, வழிகாட்டியோடு கூடிய சஃபாரி ஒன்றில் சேர்ந்து பத்து நாள் சுற்றிவர விரும்பினார். பயண நிறுவனம் தந்த வண்ண ஏட்டை என்னிடம் காட்டினார். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி ஆகிய எல்லாப் படங்களுக்கும் கீழே 'பாதுகாப்பு' என்ற சொல் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. நாம் பயணம் செய்தால் விலங்குகள் பிழைக்கும் என்பது அதன் சாரம். "வாழ்நாள் சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவிடப் போகிறேன். இவர்கள் சொல்வது மெய்தானா?" என்று கேட்டார். வங்கியில் வைப்புத்தொகை போடுமுன் வட்டி விகிதம் கேட்பவரின் நியாயமான கேள்வி அது.

சஃபாரி என்ற சொல்லே பயணம் என்றுதான் பொருள்படும். அரபியிலிருந்து சுவாஹிலிக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் சென்றது. நம் கடற்கரை ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள் அதே அரபுச் சொல்லைச் 'சபர்' என்று இன்றும் வழங்குகிறார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர் அவர்கள் பேச்சில் 'சபராளி'. பயணத்தைக் குறித்த சொல் வேட்டைக்குப் பெயராகி, வேட்டை ஒழிந்தபின் விலங்கு பார்க்கும் வண்டிச் சவாரிக்குப் பெயராகிவிட்டது. 'ஐம்பெரும் விலங்குகள்' என்று சுற்றுலாக்காரர் இன்று அடுக்கும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற பட்டியலும் வேட்டைக்காரர் வகுத்ததுதான். நடந்து சென்று சுடுவதற்கு மிகவும் ஆபத்தானவை எனக் கருதப்பட்ட ஐந்து அவை.

நண்பரின் கேள்விக்கு விடை தேட ஆப்பிரிக்கா வரை செல்லவேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து ஐந்தாறு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கபினிக்கரையே போதும். மைசூர் அரசர்களின் வேட்டைக்காடாக இருந்த காகனகோட்டை இது. 'கெட்டா' எனப்பட்ட யானைப்பிடி இங்கே புகழ்பெற்றிருந்தது. 1870களில் சாண்டர்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி மைசூர் நாட்டில் தொடங்கிவைத்த முறை அது. யானைக்கூட்டங்களைச் சூழ்ந்து விரட்டித் தடுப்புக்குள் அடைப்பார்கள். அரச விருந்தினர் பாதுகாப்பான இடத்திலிருந்து கண்டு களிப்பார்கள். யானையின் தடமறிந்து வழிகாட்டியவர்களும் பிடிபட்ட யானையைப் பழக்கியவர்களும் இக்காட்டின் குருப மக்கள். 1971இல் கடைசிக் கெட்டா நடந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காப்பகங்களுள் ஒன்றாகப் பந்திப்பூர் இடம்பெற்றது. 1974இல் கபினி அணை கட்டிமுடிக்கப்பட்டது. பழைய காகனகோட்டையின் ஒரு பகுதி நீருக்குள் போயிற்று. கோடையில் நீர் வற்றும்போது கரையோரம் தலைகாட்டும் பசும்புல்லைத் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடுகின்றன. ஆசிய யானைகள் இத்தனை பெருந்திரளாகக் கூடும் இடம் வேறெங்கும் இல்லை என்பார்கள்.

துப்பாக்கி பிடித்தவர்களின் இடத்தில் கேமரா பிடித்தவர்கள் வந்தது 1980களில். கர்நாடக அரசு, நேபாளத்தில் காட்டு விடுதி நடத்திய ஒரு நிறுவனத்தோடு இணைந்து 1980இல் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னர் அது முழுவதும் அரசுடைமை ஆயிற்று. அதன் முதல் விடுதி கபினிக்கரையில் எழுந்தது. ஒருகாலத்தில் வேட்டைக்காரராக இருந்த கர்னல் ஜான் வேக்ஃபீல்டு அவ்விடுதியை வளர்த்து, 2010இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் பல்லாண்டுகள் செய்த புலி ஆய்வு, தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறைக்கு வழிவகுத்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் 563 புலிகள். பந்திப்பூரில் மட்டும் 150, நாகரஹொளேயில் 141. எல்லைக்கு இப்பால் நம் முதுமலையில் 114. மூன்றும் வயநாட்டோடு சேர்ந்து ஒரே காடு. மாநில எல்லை புலிக்குத் தெரியாது.

ஆகவே, சஃபாரி விலங்குகளைக் காக்கிறது என்னும் கூற்றில் உண்மை இருக்கிறது. நாள்தோறும் வண்டிகள் செல்லும் பாதையில் கள்ளவேட்டைக்காரன் கண்ணி வைக்கத் தயங்குவான். காட்டைக் கண்டவர் அதன் நடுவே சாலையோ சுரங்கமோ வருகிறதென்றால் குரல் கொடுக்கிறார். பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு 2009இல் விதிக்கப்பட்ட தடை இன்றும் நிற்பதற்கு, அக்காட்டின்மேல் நகரத்தாருக்கு ஏற்பட்ட பற்றும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஊட்டிக்குப் போகும் பெங்களூர்வாசிகள் அந்தச் சோதனைச்சாவடியில் காத்திருந்து முணுமுணுப்பதும் உண்டு. முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அது பாதி உண்மை. மறுபாதியை அறிய மாதேஸ்வரன் மலைக்குப் போகவேண்டும்.

சேலம், ஈரோடு மாவட்டத்தார் தலைமுறைகளாகச் சென்று வணங்கும் மலை அது. மாதேஸ்வரனின் ஊர்தி புலி. கோயில் படங்களில் அவர் புலிமேல் அமர்ந்திருப்பதை அங்கே சென்றவர் அனைவரும் பார்த்திருப்பர். 2025 ஜூன் மாத இறுதியில் அம்மலையின் ஹூக்யம் வனச்சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. தன் பசுவைப் புலி கொன்றுவிட்ட சினத்தில், அப்பசுவின் உடலிலேயே நஞ்சு இடப்பட்டது என்பது விசாரணையில் வெளிப்பட்டது. சிலர் கைது செய்யப்பட்டனர். அப்பகுதியில் காட்டைச் சுற்றிவந்து காவல் புரியும் ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் பல மாதங்களாக ஊதியம் வரவில்லை என்ற செய்தியும் அதையொட்டி வெளியாயிற்று.

ஐந்து புலிகளைக் கொன்றது பெருங்குற்றம். அதற்குச் சட்டம் தரும் தண்டனையைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். குட்டிகளோடு ஒரு தாய்ப்புலியைக் காண ஒரு பெங்களூர்க் குடும்பம் காட்டு விடுதியில் ஓரிரவுக்குச் செலவிடும் தொகை, பெரும்பாலும் ஒரு நாட்டுப்பசுவின் விலைக்குக் குறையாது. அதே தாய்ப்புலி தன் பசுவைக் கொன்றுவிட்டால், பசுவின் உடையவர் அதைப் புகைப்படம் எடுத்து, வனத்துறைக்குத் தெரிவித்து, கால்நடை மருத்துவர் வந்து சான்று தரும்வரை காத்திருந்து, பிறகு விண்ணப்பம் கொடுத்து இழப்பீட்டுக்கு அலையவேண்டும். பசு கடனில் வாங்கியதாக இருந்தால் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். வங்கி வாடிக்கையாளர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. புலி உயிரோடிருப்பதால் வரும் ஆதாயம் ஓரிடத்திலும், அதனால் வரும் இழப்பு வேறோரிடத்திலும் சேர்கின்றன.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொன்று நடந்தது. மைசூரு மாவட்டம் சரகூர் வட்டத்தில் உழவர்கள் அடுத்தடுத்துப் புலிக்குப் பலியாயினர். ஊர்மக்கள் கொதித்தெழுந்தனர். பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியையும் மலையேற்றத்தையும் உடனே நிறுத்தும்படி வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவிட்டார். சஃபாரிப் பணியில் இருந்த ஊழியரும் வண்டிகளும் புலியைத் தேடும் பணிக்குத் திருப்பப்பட்டனர்.

சஃபாரி வண்டிகளின் இரைச்சலால்தான் புலிகள் காட்டைவிட்டு ஊருக்குள் வருகின்றன என்பது உழவர் சங்கங்களின் வாதம். இதை நான் அப்படியே ஏற்கவில்லை. கிழட்டுப் புலியும், காயம்பட்ட புலியும், தனக்கெனத் தனியிடம் தேடும் இளம்புலியும் காட்டின் விளிம்புக்குத் தள்ளப்படுவது சஃபாரி இல்லாத காடுகளிலும் நடக்கிறது. பந்திப்பூரில் உண்ணிச்செடி புதர்புதராய்ப் பரவிப் புல்லை விழுங்கிவிட்டது; புல் குறைந்தால் மானும் காட்டுமாடும் வயலை நாடும், அவற்றின் பின்னே புலி வரும். காட்டையொட்டிய கரும்பும் வாழையும் அதற்கு மறைவிடம் தருகின்றன. ஆயினும் உழவரின் சினத்தை அறிவியல் அறியாதவரின் கூச்சல் என்று தள்ளிவிட்டால், அவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பதைக் கேட்காமற்போவோம். பட்டப்பகலில் பருத்திக்காட்டில் தன் அண்டைவீட்டார் செத்துக்கிடக்கும்போது, அதே சாலையில் புலி பார்க்கும் உற்சாகத்தோடு வண்டிகள் போவதைக் காண அவர்களால் இயலவில்லை. வண்டியில் போகிறவருக்குக் காட்சியாவது, வயலில் நிற்கிறவருக்கு எமன்.

அந்த நிறுத்தம் தண்டித்தது யாரை என்பதையும் சொல்லவேண்டும். பெங்களூரில் இருப்பவர் தம் முன்பதிவை நீக்கிக்கொண்டு கூர்க்கிற்கோ வயநாட்டிற்கோ போய்விடலாம். வண்டி ஓட்டியவரும், விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்த்த பெண்ணும், தம் வீட்டின் இரண்டு அறைகளைப் பயணியர்க்கு வாடகைக்கு விட்டவரும் எங்கே போவார்கள்? காட்டோரத்தில் சஃபாரியால் வாழ்பவரும், புலியால் இழப்பவரும் ஒரே ஊரில், சில வேளை ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். நிறுத்துவது ஒரு கோபத்தைத் தணிக்கும், நோயைத் தீர்க்காது. எதையும் மாற்றாமல் மீண்டும் பழையபடி ஓட்டுவதும் தீர்வாகாது.

இந்த இடத்தில்தான் நண்பர் போகவிரும்பிய ஆப்பிரிக்கத் தென்பகுதி நமக்குப் பயன்படுகிறது.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவின் வடகோடியில், லிம்போபோ, லுவுவு ஆகிய இரு ஆறுகளுக்கு இடையே மக்குலேக்கே என்ற மக்கள் வாழ்ந்தனர். 1969இல் நிறவெறி அரசு அவர்களை வெளியேற்றி அந்நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், பறிக்கப்பட்ட நிலத்தை மீட்கும் சட்டத்தின்கீழ் அவர்கள் உரிமை கோரி, 1998இல் ஏறத்தாழ 24,000 எக்டேர் நிலத்தைத் திரும்பப் பெற்றனர். கிடைத்தபின் அவர்கள் எடுத்த முடிவுதான் சிறப்பு. காட்டை அழித்துக் குடியேறவில்லை. அதைக் காடாகவே வைத்து, பூங்கா நிருவாகத்தோடு ஒப்பந்தம் செய்து, சஃபாரி விடுதிகளுக்கு இடம் கொடுத்து, வருவாயிலும் வேலையிலும் பங்கு பெறுகிறார்கள். நிலத்தின் உடைமைப் பத்திரம் அவர்கள் பெயரில் இருக்கிறது.

அண்டைநாடான நமீபியா வேறு வழியை மேற்கொண்டது. 1996இல் இயற்றிய சட்டத்தின்படி, பொதுநிலத்தில் வாழும் ஊரார் ஒன்றுகூடிப் பாதுகாப்பகம் அமைத்துப் பதிவு செய்தால், அங்குள்ள வனவிலங்குகளால் வரும் வருவாய்க்கு அவர்களே உரியவர். 1998இல் முதற்பாதுகாப்பகங்கள் பதிவாயின; இப்போது 86 இருக்கின்றன; நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுள் அடங்கும். 2022 செப்டம்பரில் குனோ காட்டுக்கு வந்த முதல் எட்டுச் சிவிங்கிப்புலிகள் இந்நாட்டிலிருந்துதான் வந்தன. விலங்கை இறக்குமதி செய்த நாம், அதைக் காத்த ஏற்பாட்டை இறக்குமதி செய்யவில்லை.

அங்கே எல்லாம் பொன்னுலகம் என்று எண்ணிவிடக்கூடாது. நமீபியாவின் ஊர்ப் பாதுகாப்பகங்கள் பலவற்றுக்கு வேட்டை உரிமம் விற்பதும் ஒரு வருவாய். 2024இல் கடும் வறட்சியின்போது, 83 யானைகள் உட்பட 723 விலங்குகளைக் கொன்று இறைச்சியை மக்களுக்கு வழங்க அந்நாட்டு அரசு முடிவெடுத்தது. நம் சட்டமும் நம் மனமும் அதற்கு இடங்கொடா; கொடுக்கவும் வேண்டாம். ஆனால் இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. வேட்டையால் வரும் பணம் நமக்கு இல்லை. பார்வையாளர் தரும் பணம் ஒன்றே உண்டு. எனவே அது சரியான கைக்குப் போய்ச்சேர்கிறதா என்பது நமீபியாவைவிட நமக்கு முக்கியமான கேள்வி.

நாகரஹொளேயில் அது எப்படி இருந்தது? அங்கிருந்த ஜேனு குருபர் பலர் பூங்கா உருவானபின் காட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டனர். ஜேனு என்பது நம் தேன்தான், தேனெடுக்கும் குருபர். அவர்களை வெளியேற்றிய அதே பூங்காவுக்குள் 1990களில் ஒரு பெரிய ஓட்டல் நிறுவனத்துக்கு விடுதி நடத்த இடம் குத்தகைக்கு விடப்பட்டது. பழங்குடியினர் போராடினர், வழக்குத் தொடுத்தனர். 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தக் குத்தகை செல்லாது என்றது. தேனெடுப்பவனுக்கு இடமில்லாத காட்டில் குளிரூட்டிய அறைக்கு இடமிருந்ததை நீதிமன்றம் தடுத்தது. ஆனால் வெளியேறியவர்களின் கணக்கு அதோடு முடியவில்லை. 2025 மே மாதத்தில் 52 ஜேனு குருபக் குடும்பங்கள் காட்டுக்குள் இருந்த தங்கள் பழைய குடியிருப்பான கரடிக்கல்லுக்கு, தாமாகவே திரும்பிச் சென்று குடிசை போட்டன. வன உரிமைச் சட்டத்தின்கீழ் அவர்களுடைய கோரிக்கை சரியா, புலி வாழும் மையப்பகுதியில் மீண்டும் குடியேறலாமா என்பதில் இருவேறு கருத்துகள் இருக்கலாம். எனக்கே அதில் தயக்கம் உண்டு. மக்குலேக்கே மக்களுக்குக் கிடைத்த மூன்றாவது வழி, அதாவது காட்டைக் காடாக விட்டு அதன் வருவாயில் உரிமை பெறும் வழி, இவர்கள் முன் ஒருபோதும் வைக்கப்படவில்லை என்பதே என் வருத்தம்.

நம் நாட்டில் அது நடக்காது என்பாரும் உளர். குமுளி வழியாகத் தேக்கடிக்குச் சென்றவர்கள் அதற்கு விடை தெரியாமலே திரும்பியிருப்பார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயனா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்களை, 1990களின் இறுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஒரு குழுவாக அமைத்துக் காட்டு வழிகாட்டிகளாக மாற்றினார்கள். மூங்கில் தெப்பத்தில் ஏற்றிச் செல்லுதல், காட்டுக்குள் நடத்தி அழைத்துச்சென்று கூடாரத்தில் தங்கவைத்தல் ஆகியவற்றைக் காட்டை உள்ளங்கைபோல் அறிந்த அவர்களே நடத்தினர். நடைபயணம் நடக்கும் பாதையில் ரோந்தும் நடந்துவிடுகிறது. திருடியவரையே காவலராக்கிய அந்த ஏற்பாடு, நாடெங்கும் புலிகள் காப்பகங்களுக்கு அறக்கட்டளை அமைக்கவும் முன்மாதிரியாயிற்று. பயணியர் தரும் கட்டணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துபோகாமல் அந்தந்தக் காட்டுக்கும் அதைச் சூழ்ந்த ஊர்களுக்கும் செலவாகவே இவ்வறக்கட்டளைகளுக்குச் சட்டம் இடமளித்துள்ளது.

2012ஆம் ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அவ்வாண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவை இடைக்காலமாகத் தடை செய்தது; அக்டோபரில் புதிய வழிகாட்டுநெறிகளின் அடிப்படையில் தடையை நீக்கியது. மையப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சுற்றுலாத் தொழிலிடம் பாதுகாப்புக் கட்டணம் பெற்று ஊரார் நலனுக்குச் செலவிடலாம் என்ற பகுதிதான் நினைவில் நிற்கவில்லை.

என் கருத்து இதுவே. சஃபாரியின் எண்ணிக்கை குறையட்டும், கட்டணம் உயரட்டும், உயர்ந்த பகுதி முழுவதும் அந்தக் காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்கே போகட்டும். அரசு விடுதி, தனியார் விடுதி என்ற வேறுபாடின்றி ஒவ்வோர் அறை வாடகையிலிருந்தும் ஒரு பங்கு இதற்கென ஒதுக்கப்படவேண்டும். அது முதலில் செல்லவேண்டிய இடம் கால்நடை இழப்பீடு. பசுவை இழந்த ஒரு வாரத்துக்குள் உடையவரின் வங்கிக் கணக்கில் பணம் வரவேண்டும். இது ஆகாத காரியமன்று. பெங்களூரைச் சேர்ந்த வனவிலங்கு ஆய்வு மையம், கிருதி கரந்தின் தலைமையில், 2015 முதல் 'வைல்டு சேவே' என்ற திட்டத்தைப் பந்திப்பூர், நாகரஹொளே ஊர்களில் நடத்துகிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கு ஊரார் அழைத்தால், ஆள் நேரில் வந்து படமெடுத்து, ஆவணங்களைத் திரட்டி, அரசிடம் இழப்பீட்டு விண்ணப்பத்தைச் சேர்ப்பித்துத் தொடர்ந்து கவனிக்கிறார். வழி இருக்கிறது; நிலையான பணம்தான் வேண்டும். யானையைத் தடுக்கப் பழைய ரயில் தண்டவாளங்களால் போடும் வேலிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒப்பிட்டால், இறந்த பசுக்களுக்கு உரிய நாளில் விலை கொடுப்பது மலிவு.

கட்டணம் உயர்ந்தால் காடு பணக்காரருக்கு மட்டும் என்றாகிவிடாதா என்ற மறுப்பு வலுவானது. போட்ஸ்வானா நாடு குறைந்த பயணியர், கூடிய கட்டணம் என்ற கொள்கையைப் பல்லாண்டுகளாகக் கடைப்பிடிக்கிறது. அதன் விளைவாக அயல்நாட்டார் தங்கும் விடுதிகளில் சராசரிக் குடிமகன் தங்குவது அரிது. நமக்கு அது பொருந்தாது. காடு பொதுச்சொத்து. ஆகவே கட்டணத்தைப் படிமுறையாக்கலாம். பூங்காவின் பெரிய பேருந்தில் போகும் குடும்பத்துக்குப் பழைய கட்டணமே இருக்கட்டும். தனி ஜீப்பில், நீண்ட லென்சோடு போகிறவர் கூடுதலாகக் கொடுக்கட்டும். லென்சின் நீளத்துக்கேற்ப வேறுபட்ட கட்டணம் இப்போதே இங்கு உண்டு. ஆகவே கருத்து புதிதன்று. அரசுப் பள்ளி மாணவரைக் காட்டுக்கு அழைத்துச்செல்ல வனத்துறை நடத்தும் 'சின்னர வன தரிசன' திட்டத்தை இன்னும் விரிவாக்கலாம். காட்டோரத்து ஊரில் பிறந்த பிள்ளை புலியை மாடு தின்னும் விலங்காக மட்டுமே அறிந்து வளர்வது, அதற்கும் நல்லதன்று, புலிக்கும் நல்லதன்று.

இன்னொரு மறுப்பும் உண்டு. அறக்கட்டளைப் பணம் அலுவலகக் கட்டடத்துக்கும் வண்டிக்கும் போய்விடாது என்பதற்கு என்ன உறுதி? உறுதி எதுவுமில்லை. வரவும் செலவும் ஊர்வாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட்டால்தான் தெரியும். வங்கிக் கணக்குக்கு மாதந்தோறும் அறிக்கை கேட்கும் நாம் காட்டுக் கணக்குக்கும் கேட்கலாம்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். விடுதி நிற்கும் நிலம் யாருடையது? வழிகாட்டி எந்த ஊர்க்காரர்? நாங்கள் தரும் தொகையில் அந்த ஊருக்கு எவ்வளவு, எந்த ஒப்பந்தத்தின்படி? விடை எழுத்தில் வந்தால் போகலாம். பளபளப்பான ஏடு இன்னொன்று வந்தால் வேறு நிறுவனத்தைத் தேடலாம். அவர் எழுதினார். பிறகு, இதே கேள்விகளைக் கபினி விடுதி ஒன்றுக்கும் எழுதிப் பார்க்கலாமே என்று அவராகவே சொன்னார். அதற்கும் இதுவரை விடை வரவில்லை.

மழைக்காலப் பயிர் முற்றும் நாள்களில், பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி வழியாக ஓசூர்ப் பக்கத்து ராகி வயல்களுக்கு இறங்கும். ஆண்டுதோறும் நடப்பதுதான். பெங்களூர்க் குடும்பங்கள் அந்த வாரங்களிலும் பன்னர்கட்டாவில் கம்பிவேலிக்குள் இருக்கும் சிங்கத்தைப் பார்க்கச் சஃபாரிப் பேருந்துக்கு வரிசையில் நிற்கும். அங்கிருந்து சிறிது தொலைவிலேயே, பரண்மேல் தீப்பந்தமும் தகர டப்பாவுமாக ஒருவர் விடியும்வரை விழித்திருப்பார்.